பார்த்து வரையப் பழகுவது எப்படி? கண்ணைப் பயிற்றும் ஓவிய வகுப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"எனக்கெல்லாம் கை வராதுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் பெரியவர்கள் பலர் ஓவிய வகுப்புக்குள் நுழைகிறார்கள். அதே கை வங்கியில் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கையெழுத்துப் போடுகிறது. ஊசியில் நூல் கோக்கிறது. மார்கழியில் வாசல் நிறையப் புள்ளி வைத்துச் சிக்குக் கோலத்தை ஓரிடத்திலும் பிசகாமல் வளைத்து முடிக்கிறது. பென்சிலைப் பிடித்து வரையத் தேவையான அளவு கட்டுப்பாடு ஏறக்குறைய எல்லார் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது. பழக வேண்டியது கண்.

ஒரு இயற்கைக் காட்சி வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அதன் கீழிருந்து வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், வானத்தில் நாலைந்து பறவைகள். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் எந்தப் பள்ளியிலும் இந்தப் படம்தான் வரும். வரைந்தவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒரு இடத்தைக் கண்ணால் கண்டதே இல்லை. கண் என்றால் மீன் வடிவமும் நடுவில் ஒரு வட்டமும், மரம் என்றால் ஒரு தண்டும் மேலே ஒரு மேகமும் என்று ஒவ்வொரு பொருளுக்கும் மனம் ஒரு சின்னம் வைத்திருக்கிறது. எதிரே உண்மையான மரம் நின்றாலும் கை அந்தச் சின்னத்தைத்தான் வரையும்.

இது குறை அல்ல. வருவது எந்த எண் பேருந்து, எதிரே நிற்பது யார் என்று நொடியில் தெரிந்துகொள்ள மனம் இப்படித்தான் வேலை செய்தாக வேண்டும். வரையும்போது மட்டும் அது குறுக்கே நிற்கிறது. எந்த அளவுக்கு என்று தெரிய ஒரு சோதனை செய்யலாம். முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் உங்கள் முகத்தின் விளிம்பைச் சோப்புத் துண்டால் கண்ணாடி மேலேயே வரையுங்கள். பிறகு அதை அளந்து பாருங்கள். உங்கள் முகத்தில் சரியாகப் பாதி உயரம்தான் இருக்கும். பின்னால் தள்ளி நின்று வரைந்தாலும் அதே பாதிதான். தினமும் பார்க்கிறோம், ஆனாலும் கண்ணாடியில் தெரிவது முழு அளவு முகம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறோம்.

கீழே வரும் பயிற்சிகள் ஒவ்வொன்றும் இந்தக் குறுக்கீட்டை ஒவ்வொரு விதத்தில் தடுக்கின்றன. வாரம் ஒரு வகுப்பு, இரண்டு மணி நேரம், வீட்டில் தினமும் கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் ஒரு சுற்று முடிக்கலாம். தனியாகப் பழகுகிறவர்களும் இதே வரிசையில் போகலாம். வரிசையை மாற்ற வேண்டாம். ஷேடிங்கிலிருந்து தொடங்க எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் வடிவம் பிசகிய படத்தை எவ்வளவு நிழல் தீட்டினாலும் காப்பாற்ற முடியாது.

என்னென்ன வேண்டும், எப்படி உட்கார வேண்டும்

எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்கள் போதும். பி எண் கூடக் கூட கிராஃபைட் அதிகமாகவும் களிமண் குறைவாகவும் இருக்கும், அதனால் கோடு மென்மையாகவும் கருமையாகவும் விழும். பென்சிலை ஷார்ப்னரில் சீவாமல் பிளேடால் நீளமாகச் சீவுங்கள். படுக்க வைத்துத் தேய்க்க அந்த நீள முனை வேண்டும். முதல் சில வாரங்களுக்கு ஒரு பக்கம் அச்சான தாள்களின் பின்பக்கமே போதும். விலை உயர்ந்த தாள் பயத்தைத்தான் கொடுக்கும். அளவெடுத்து வரையத் தொடங்கும்போது கார்ட்ரிட்ஜ் பேப்பர் எனும் கெட்டியான ஓவியத் தாளை வாங்கிக்கொள்ளலாம். ரப்பருக்கும் அதுவரை வேலை இல்லை. வகுப்பில் என்றால் ஆசிரியர் அதை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவது நல்லது.

ஒரு ஹார்ட்போர்டும் கிளிப்பும் கட்டாயம். தாளை மேஜையில் தட்டையாக வைத்து வரைந்தால், தாளின் மேல் பகுதி கண்ணிலிருந்து தள்ளி இருப்பதால் குறுகித் தெரியும். கை அதை ஈடுகட்டி நீட்டி வரைந்துவிடும். படத்தை நிமிர்த்திப் பார்த்தால் தலை நீண்ட மனிதர்களாக இருப்பார்கள். போர்டின் அடிப்பகுதியை மடியில் வைத்து, மேல் பகுதியை எதிரே போட்ட இன்னொரு நாற்காலியின் முதுகில் சாய்த்து, பார்வைக்கு நேராக நிறுத்துங்கள்.

வகுப்பில் எல்லாரும் வரிசையாக உட்காராமல் பொருளை நடுவில் வைத்துச் சுற்றி உட்காருங்கள். ஒருவர் பார்க்கும் கோணம் இன்னொருவருக்கு இருக்காது. பக்கத்துப் படத்தைப் பார்த்து வரைய முடியாது.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓவிய அறைக்கு வடக்கு ஜன்னல் வேண்டும் என்று ஐரோப்பியர்கள் சொல்வார்கள். அங்கே வடக்கிலிருந்து நேர் வெயில் அநேகமாக வராது என்பதால் நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும். நம் ஊர்க் கணக்கு வேறு. சென்னையில் ஏறக்குறைய சித்திரையிலிருந்து ஆடி வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே போகிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் விழும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால் வரைந்துகொண்டிருக்கும்போதே நிழல் இடம் மாறிவிடும். ஆகவே நிழல் பயிற்சிகளுக்குத் திரையைப் போட்டு, டியூப் லைட்டை அணைத்து, பக்கவாட்டில் ஒரே ஒரு மேஜை விளக்கு வையுங்கள்.

முதல் படி: பார்க்காமல் ஒரு சைக்கிள்

முதல் நாள், எதையும் பார்க்காமல் ஒரு சைக்கிள் வரையுங்கள். பத்து நிமிடம். தேதி போட்டு எடுத்து வையுங்கள். பிறகு உண்மையான சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, படத்தோடு ஒப்பிடுங்கள். பலர் சங்கிலியை முன் சக்கரத்தோடு மாட்டியிருப்பார்கள். அப்படி மாட்டினால் ஹேண்டில் திரும்பாது. பெடலைச் சக்கரத்தின் மேலேயே வைத்திருப்பார்கள், நடுச் சட்டத்தையே விட்டிருப்பார்கள். தினமும் ஓட்டுகிறவர்களும் இதில் அடக்கம். இந்தப் பயிற்சிக்கு வேறு எந்த நோக்கமும் இல்லை. தெரியும் என்று நினைப்பதும் பார்த்திருப்பதும் வேறு வேறு என்று ஒருமுறை உறைத்துவிட்டால் போதும், அடுத்த படிக்கு மனம் தயார்.

இரண்டாம் படி: தாளைப் பார்க்காமல் விளிம்பை வரைதல்

எல்லாப் பயிற்சிகளிலும் இதுதான் அடிப்படை. நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக் பள்ளியில் பாடம் நடத்தி 1938இல் மறைந்த கிமோன் நிகொலாய்டிஸ் என்ற ஆசிரியரால் இது உலகெங்கும் வகுப்பறைகளுக்குப் பரவியது.

தாளை மேஜையில் டேப் போட்டு ஒட்டுங்கள். நகரக் கூடாது. எழுதும் கை தாளின் மேல் இருக்கட்டும். உடம்பைத் திருப்பி, தாள் கண்ணில் படாதபடி உட்கார்ந்து, மற்றொரு கையை விரல்கள் லேசாக மடங்கியபடி எதிரே வையுங்கள். மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு புள்ளியைக் கண்ணால் பிடியுங்கள். பென்சில் முனை தாளைத் தொடவில்லை, அந்தத் தோலையே தொட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த உணர்வு வந்த பிறகு நகரலாம். எறும்பு ஊர்வதுபோல் கண் விளிம்பில் ஊரட்டும், கண் நகரும் அதே வேகத்தில் பென்சிலும் நகரட்டும். விளிம்பு உள்ளே மடிந்து ஒரு சுருக்கமாகப் போனால் நீங்களும் உள்ளே போங்கள். சுருக்கம் முடியும் இடத்தில் நின்று, மறுபடி விளிம்புக்கு வாருங்கள். பென்சிலை எடுக்கக் கூடாது. தாளைப் பார்க்கவே கூடாது. ஒரு கைக்குக் குறைந்தது பத்து நிமிடம்.

மூன்று நிமிடத்தில் பலர் முடித்துவிட்டு நிமிர்வார்கள். அவர்கள் கையைப் பார்க்கவில்லை, கை என்ற சின்னத்தைச் சுற்றி வந்திருக்கிறார்கள். நகத்தின் ஓரத்தில் சதை எழும்பும் இடம், விரல் மடிப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக விழும் இரண்டு மூன்று கோடுகள், கட்டை விரலின் அடியில் தோல் இழுபடும் விதம் எல்லாம் இருந்தால்தான் பத்து நிமிடம் பிடிக்கும்.

படம் கோணல்மாணலாகத்தான் வரும். விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராது. அதைப் பொருட்படுத்த வேண்டாம். கோட்டை மட்டும் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை சின்னச் சின்ன மேடு பள்ளங்கள் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். உண்மையான ஒரு விரல் மூட்டின் ஓரம் அதில் எங்காவது தெரியும். அந்தத் துண்டைத்தான் வகுப்பில் வட்டமிட்டுக் காட்ட வேண்டும்.

கைக்குப் பிறகு இஞ்சி, பாகற்காய், கசங்கிய செருப்பு என்று போகலாம். இஞ்சி அருமையான மாடல். இஞ்சிக்கு யார் மனதிலும் தயாரான சின்னம் கிடையாது. இரண்டு வாரம் கழித்து விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம். அவ்வப்போது தாளைப் பார்க்கலாம், ஆனால் பார்க்கும்போது பென்சில் நின்றுவிட வேண்டும். இடத்தைச் சரிபார்த்துக்கொண்டு, கண் பொருளுக்குத் திரும்பிய பிறகே கோடு நகர வேண்டும். வரைகிற நேரத்தில் பெரும்பகுதி கண் பொருளின் மேல்தான் இருக்க வேண்டும் என்பது இதற்குப் பிந்தைய எல்லாப் பயிற்சிகளுக்கும் பொருந்தும்.

மூன்றாம் படி: தலைகீழாக

நிழல் எதுவும் இல்லாத, கோடுகளால் மட்டுமே வரைந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வார இதழ்களின் கதைப் படங்களில் உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் கிடைத்தால் நல்லது. அதைத் தலைகீழாக வைத்து, அப்படியே பார்த்து வரையுங்கள். மேல் மூலையில் தொடங்கி, ஒரு கோட்டிலிருந்து பக்கத்துக் கோட்டுக்குப் போங்கள். "இது மூக்கு, இது கால்" என்று பெயர் வைக்க வேண்டாம். இந்தக் கோடு தாளின் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, அடுத்த கோட்டை எங்கே தொடுகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டே போங்கள். முழுதும் முடியும்வரை நிமிர்த்திப் பார்க்கக் கூடாது.

1979இல் அமெரிக்க ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் இந்தப் பயிற்சியைப் பிரபலமாக்கினார். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை 1920இல் பிக்காசோ வரைந்த கோட்டோவியத்தை அவர் இதற்குப் பயன்படுத்தினார். மூளையின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று அவர் கொடுத்த விளக்கத்தை அவ்வளவு எளிமையாக இன்றைய நரம்பியலாளர்கள் ஏற்பதில்லை. பயிற்சி மட்டும் தெளிவாகப் பலன் தருகிறது. தலைகீழ் முகத்தை மனம் உடனே அடையாளம் காண்பதில்லை, அதனால் சின்னத்தைத் திணிக்கவும் முடிவதில்லை. பயந்தபடி வகுப்புக்கு வந்தவர்களுக்கு முதல் நம்பிக்கை பெரும்பாலும் இந்த நாளில்தான் கிடைக்கிறது.

நான்காம் படி: நாற்காலியை விட்டுவிட்டு இடைவெளியை வரைதல்

எல்லார் வீட்டிலும் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்து, சற்றுக் கோணலாகத் திருப்பி, வெறும் சுவருக்கு முன்னால் வையுங்கள். நாற்காலியை வரையப் போவதில்லை. கால்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடம், கைப்பிடிக்கும் இருக்கைக்கும் இடையே தெரியும் சுவர்த் துண்டு, முதுகில் இருக்கும் துளைகள் இவற்றை மட்டுமே வரையப் போகிறோம்.

இதற்கு ஒரு சட்டம் தேவை. கெட்டி அட்டையில் தாளின் அதே விகிதத்தில் ஒரு சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். தாள் 28க்கு 20 சென்டிமீட்டர் என்றால் சன்னல் 14க்கு 10. ஒரு கண்ணை மூடி, சட்டத்தின் வழியே பார்த்து, நாற்காலியின் கால்களும் முதுகும் சட்டத்தின் ஓரங்களைத் தொடும்படி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். இப்போது வெளிப்பக்க வெற்றிடங்களும் மூடிய வடிவங்களாகிவிடும். இருப்பதில் பெரிய வெற்றிடத்தை முதலில் வரையுங்கள். பிறகு அதைத் தொட்டு நிற்கும் அடுத்தது. எல்லா வெற்றிடங்களும் முடிந்ததும் அவற்றைப் பென்சிலால் நிரப்புங்கள். நடுவில் வெள்ளையாக நாற்காலி தானே நிற்கும்.

நேரடியாக நாற்காலி வரையச் சொன்னால் நான்கு காலும் ஒரே நீளத்தில், இருக்கை சதுரமாக வரும். உட்காரும் பலகை சதுரம் என்று நமக்குத் தெரியும் அல்லவா! நாம் இருக்கும் இடத்திலிருந்து அது ஒடுங்கிய ஒரு நாற்கரமாகத்தான் தெரிகிறது. இடைவெளிக்குப் பெயர் இல்லை, அதைப் பற்றி முன்பே தெரிந்த எதுவும் இல்லை. அதனால் அதைப் பார்த்துத்தான் வரைய முடியும். ஏணி, சைக்கிள், தொட்டியில் நிற்கும் துளசிச் செடி எல்லாம் இதற்கு ஏற்றவை. செடியில் இலைகளுக்கு நடுவே தெரியும் வானத்தை வரையப் பழகிவிட்டால் எந்த மரமும் பயமுறுத்தாது.

ஐந்தாம் படி: அளந்து பார்த்தல்

இதுவரை அளக்கவில்லை. இனி அளப்போம், பென்சிலால்.

கையை முழுதாக நீட்டி, முழங்கையைப் பூட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். பென்சிலின் நுனி பொருளின் உச்சியில் இருக்கட்டும், அதன் அடி எங்கே வருகிறதோ அங்கே கட்டைவிரல் நகத்தை வையுங்கள். இதுதான் உங்கள் அளவு. இப்போது பென்சிலைப் படுக்க வைத்து, அதே அளவு அகலத்தில் எத்தனை முறை போகிறது என்று பாருங்கள். கை மடங்கினால் கண்ணுக்கும் பென்சிலுக்கும் உள்ள தூரம் மாறும், அளவும் மாறிவிடும். பென்சில் முன்னாலோ பின்னாலோ சாயவும் கூடாது. கண்ணுக்கு எதிரே ஒரு ஜன்னல் கண்ணாடி இருப்பதாகவும் பென்சில் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதாகவும் நினைத்துக்கொண்டால் சாயாது. கிடைப்பது பொருளின் அளவு அல்ல, விகிதம். படத்தில் அதை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடலாம்.

சாய்வுகளுக்கும் இதே பென்சில்தான். சாய்ந்திருக்கும் விளிம்போடு பென்சிலைப் பொருத்தி, கோணம் மாறாமல் அப்படியே தாளுக்குக் கொண்டுவாருங்கள். நேர்க்குத்தாகப் பார்க்கக் கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக் குண்டுபோல நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிடலாம். காதின் நேர் கீழே என்ன இருக்கிறது, மூக்கின் நேர் கீழே கால் கட்டைவிரலா குதிகாலா என்று நூல் சொல்லிவிடும்.

கருவியைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலையோ என்று சிலர் தயங்குகிறார்கள். தேவையே இல்லை. சட்டம் போன்ற கருவிகளின் வழியே பார்த்து வரைவது எப்படி என்று ஜெர்மன் ஓவியர் டியூரர் 1525இலேயே ஒரு நூல் எழுதிப் படத்தோடு விளக்கத் தொடங்கிவிட்டார். ஓவியர் வான்கா 1882இல் ஹேக் நகரில் இருந்தபோது நூல்கள் கட்டிய ஒரு சட்டத்தைச் செய்வித்து, கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய் நட்டு வைத்துப் பார்த்தார்.

இந்தப் படியில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் தலையை மற்றவர் அளக்க வேண்டும். உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை ஒரு அளவு. கண்கள் எங்கே வருகின்றன? ஏறக்குறைய சரிபாதியில். இதை நம்ப மறுக்காத வகுப்பே கிடையாது. முகத்தில் நமக்கு முக்கியமானதெல்லாம் கண்ணுக்குக் கீழே இருப்பதால் நெற்றியையும் மண்டையையும் மனம் சுருக்கிவிடுகிறது. அதனால் கண்ணை மேலே ஏற்றிப் போட்டு, மண்டையில்லாத மனிதர்களை வரைந்துகொண்டிருக்கிறோம். இன்னொரு சண்டை, நம்மை நோக்கி முழங்காலை நீட்டி உட்கார்ந்திருப்பவரின் தொடையில் வரும். தொடை நீளமானது என்று தெரியும், ஆனால் பென்சில் கட்டைவிரல் அகலம்கூடக் காட்டாது. பென்சிலை நம்புங்கள்.

ஆறாம் படி: டம்ளரும் குடமும்

வட்டமான வாய் உள்ள பாத்திரங்களுக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள், முடிந்தால் இரண்டு. ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து, அதன் வாய் கண் மட்டத்துக்கு நேராக வரும்படி பிடியுங்கள். வாய் வெறும் நேர்க்கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள். கோடு திறந்து நீள்வட்டமாகும். இறக்க இறக்க இன்னும் திறக்கும். நேர் மேலிருந்து பார்த்தால்தான் அது முழு வட்டம்.

இப்போது டம்ளரை மேஜையில் வைத்து வரையச் சொன்னால், வாயை ஏறக்குறைய முழு வட்டமாகவும் அடியை நேர்க்கோடாகவும் போடுவார்கள். வாய் வட்டமானது, மேஜை தட்டையானது என்று தெரியும், அதனால்தான். உண்மையில் அடிப்பகுதி கண் மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது. ஆகவே அடி வளைவு வாயைவிட அதிகமாகத் திறந்திருக்க வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளரை வைத்துப் பார்த்தால் இது நேராகவே தெரியும்.

வரையும் முறை இது. முதலில் நடுவில் ஒரு நேர்க்குத்துக் கோடு. அதன் மேல் வாய், அடி இரண்டின் அகலத்தையும் பென்சிலால் அளந்து குறியுங்கள். இரண்டு நீள்வட்டங்களையும் முழுதாக, பின்பக்கமும் தெரிவதுபோல் வரையுங்கள். முழங்கையை அசைத்து, தாளைத் தொடாமல் இரண்டு மூன்று முறை சுற்றிப் பழகிவிட்டுக் கோட்டை விழ விடுங்கள். ஓரங்களில் முனை கூராக வரவே கூடாது, எவ்வளவு ஒடுங்கினாலும் அங்கே வளைந்துதான் திரும்பும். பிறகு பக்கக் கோடுகள். கடைசியில் பின்பக்க வளைவை மங்கலாக விட்டுவிடலாம்.

டம்ளரைச் சாய்த்துப் படுக்க வைத்தால் ஒரு விதி உதவும்: டம்ளரின் நடு அச்சுக்கு நீள்வட்டத்தின் நீண்ட அச்சு எப்போதும் செங்குத்தாக இருக்கும்.

அடுத்து குடம். வாய், கழுத்து, தோள், வயிறு, அடி என்று ஒரே நடுக்கோட்டில் அடுக்கிய ஐந்து நீள்வட்டங்கள், ஒவ்வொன்றும் மேலே இருப்பதைவிடச் சற்று அதிகம் திறந்தது. எவர்சில்வர் குடத்தை முதலில் எடுக்காதீர்கள், அதில் அறை முழுதும் பிரதிபலித்துக் கண்ணைக் குழப்பும். மண்பானை நல்லது. குடத்தின் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்கமாகப் பாருங்கள். முடித்த ஓவியத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சோதிக்கச் சொன்னவர் லியோனார்டோ. இடம் வலம் மாறியதும் அது வேறு யாரோ வரைந்த படம்போல் தெரிந்து, பிழைகள் பளிச்சென்று வெளிப்படும். இன்றைக்குக் கைபேசியில் படம் எடுத்துத் திருப்பிப் பார்த்தாலும் சரி.

ஏழாம் படி: வெளிச்சமும் நிழலும்

ஒரு வெள்ளை முட்டை, ஒரு வெள்ளைத் தாள், பக்கவாட்டில் ஒரு விளக்கு. முதலில் தனித் தாளில் ஐந்து கட்டம் போட்டு, தாளின் வெள்ளையிலிருந்து 6பி தரும் மிகக் கறுப்பு வரை சம இடைவெளியில் ஐந்து டோன்களை நிரப்புங்கள். பெரும்பாலோருக்கு மூன்று நடுக் கட்டங்களும் ஒரே சாம்பலாக வரும். சரியாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள்.

அப்புறம் கண்களைப் பாதி மூடி, இமை வழியே முட்டையைப் பாருங்கள். விவரங்கள் மறைந்து வெளிச்சப் பகுதி, நிழல் பகுதி என்று இரண்டாகப் பிரியும். அந்த எல்லையை மட்டும் லேசாகக் குறித்து, நிழல் பகுதி முழுவதையும் ஒரே டோனில் நிரப்புங்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே போக வேண்டும். முட்டையின் மிகக் கருமையான இடம் அதன் ஓரத்தில் இல்லை, சற்று உள்ளே தள்ளி ஒரு பட்டையாக ஓடும். ஓரத்தில் தாளிலிருந்து எதிரொளித்த வெளிச்சம் விழுந்திருக்கும். அந்த எதிரொளி அழகாக இருப்பதால் எல்லாரும் அதை மிகைப்படுத்துகிறார்கள். அது நிழலுக்குள் இருக்கிறது, வெளிச்சப் பக்கத்தைவிட ஒருபோதும் பிரகாசமாகாது. தாளில் விழும் நிழல் முட்டைக்கு அருகே கூர்மையாகத் தொடங்கி, தள்ளிப் போகப் போக ஓரம் மங்கும்.

இங்கேயும் மனம் குறுக்கிடும். முட்டை வெள்ளை என்று தெரிந்துவிட்டதால் நிழல் பக்கத்தைக் கறுப்பாக்கக் கை தயங்கும். ஒரு அட்டையில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு துளை போடுங்கள். ஒரு துளையில் முட்டையின் நிழல் பகுதி, மற்றதில் வெளிச்சம் படும் ஒரு சாம்பல் துணி தெரியும்படி பிடியுங்கள். வெள்ளை முட்டை சாம்பல் துணியைவிடக் கருமையாக இருப்பதைப் பல சமயம் பார்க்கலாம். முட்டை சலித்தால் கசக்கிய வெள்ளைத் தாள், பிறகு கத்தரிக்காய். விரலால் தேய்த்து வழவழப்பாக்கும் பழக்கத்தை நான் அனுமதிப்பதில்லை. தேய்க்கும்போது எது எங்கே மாறுகிறது என்று பார்ப்பது நின்றுவிடுகிறது.

எட்டாம் படி: அசையும் மனிதர்கள்

நேரம் முப்பது நொடி. வகுப்பில் உள்ளவர்களே முறை வைத்து நடுவில் வந்து நிற்கட்டும். விளிம்பு வேண்டாம், முகம் வேண்டாம், விரல் வேண்டாம். உடம்பின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று பார்த்து, தலையிலிருந்து அந்தக் கால்வரை ஒரே வீச்சில் ஒரு கோடு. பிறகு தோள்களின் சாய்வு, இடுப்பின் சாய்வு. நேரம் இருந்தால் கைகள். மணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும்.

ஒரு காலில் எடை போட்டு நிற்கும்போது அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத் தோள் கீழே இறங்கும். கழுத்துக் குழி எடை தாங்கும் பாதத்துக்கு ஏறக்குறைய நேர் மேலே வரும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் உமை நிற்கும் திரிபங்கம், அதாவது உடல் மூன்று இடத்தில் வளைந்த நிலை, இந்த இயல்பின் மேல் எழுந்ததுதான். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் ஒரு காலைப் பொழுதைச் செலவழித்தால், வகுப்பில் பத்து முறை சொல்லிப் புரியாதது புரிந்துவிடும். அவை நகர்வதும் இல்லை.

சிற்பங்களுக்கு முன்னால் உட்கார்ந்து வரைவதற்கு நம்மிடம் பெரிய முன்னோடி இருக்கிறார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்த சில்பி, ஊர் ஊராகக் கோயில்களுக்குப் போய், சிற்பத்தின் எதிரிலேயே மணிக்கணக்கில் அமர்ந்து ஆனந்த விகடனுக்காக வரைந்தார். அந்தப் படங்களில் கல்லின் மேல் விழுந்த வெளிச்சத்தை இன்றும் பார்க்கலாம். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு வகுப்பைக் கூட்டிப்போவதானால் விடியற்காலையில் போங்கள். அது கிழக்கு நோக்கியது. காலை வெயிலில் யானைகளின் உடல் திரண்டு தெரியும், பிற்பகலில் எல்லாம் ஒரே நிழல்.

சந்தையிலும் ரயில் நிலையத்திலும் மனிதர்களை வரையும்போது நேரே முன்னால் உட்கார்ந்து முறைத்துப் பார்க்க வேண்டாம். யாராவது கவனித்துவிட்டால் தாளைக் காட்டிச் சிரித்துவிடுங்கள். வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். பூக்கட்டுகிறவர், டீ ஆற்றுகிறவர், இஸ்திரி போடுகிறவர் என்று ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களைத் தேர்ந்தெடுத்தால் பாதியில் விட்ட கோட்டை அடுத்த சுற்றில் முடிக்கலாம்.

ஒன்பதாம் படி: திரும்பி நின்று வரைதல்

பொருளை ஒரு அறையிலும் தாளை இன்னொரு அறையிலும் வையுங்கள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வந்து வரையுங்கள். சந்தேகம் வந்தால் மறுபடி போய்ப் பார்க்கலாம், ஆனால் பென்சில் இல்லாமல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரீஸ் ஆசிரியர் லெகாக் த புவாபோத்ரான் நினைவிலிருந்து வரைவதையே தன் பாடத்தின் மையமாக வைத்திருந்தார். சிற்பி ரோடான் அவரிடம் படித்தவர். வரையப் போவது தெரிந்தால் நாம் பார்க்கும் விதமே மாறும்: "வாய் அகலத்தில் கழுத்து பாதியா, முக்கால் பங்கா" என்று கேள்வியோடு பார்ப்போம்.

வகுப்பில் படங்களைப் பற்றிப் பேசுவது

ஒவ்வொரு வகுப்பின் கடைசி இருபது நிமிடம் எல்லாப் படங்களையும் சுவரில் மாட்டுங்கள், பெயர் தெரியாமல். "நல்லா இருக்கு", "அப்படியே இருக்கு" என்ற இரண்டையும் தடை செய்துவிடலாம், அவற்றிலிருந்து யாரும் எதையும் கற்பதில்லை. எந்தப் படத்தில் எந்த இடத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார், எந்த இடத்தில் தெரிந்ததை வைத்து நிரப்பியிருக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். சிறிது பழகியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். செருப்பின் வார் உண்மையாக இருக்கும், அதன் அடிப்பாகம் அலுப்பில் போட்டதாக இருக்கும். வரைந்தவருக்கும் அது தெரிந்தே இருக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைத் திணிக்காதீர்கள். ஏழெட்டு வயதுவரை அவர்கள் வரைவது கதை சொல்வதற்காக, அந்தச் சின்னங்கள் அவர்களுக்குத் தேவை. பத்து வயதை ஒட்டி "நான் வரைவது நிஜம் மாதிரி இல்லை" என்று குழந்தையே குறைப்பட்டுக்கொள்ளும். பலர் வரைவதை நிறுத்துவதும் அப்போதுதான். முதல் பாடத்துக்குச் சரியான நேரம் அதுவே.

போட்டோவைப் பார்த்து வரையலாமா?

வகுப்புக்கு வரும் எல்லாரும் கேட்கும் கேள்வி. இந்த ஒன்பது படிகளும் முடியும்வரை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. போட்டோ ஏற்கெனவே தட்டையானது. முப்பரிமாணத்தைத் தாளுக்குக் கொண்டுவரும் வேலையைக் கேமரா செய்து முடித்துவிட்டது, நாம் பழக வேண்டியதே அந்த வேலையைத்தான். கைபேசியின் அகன்ற கோண லென்ஸ் அருகில் இருப்பதைப் பெரிதாக்கும். கிட்டே வைத்து எடுத்த முகத்தில் மூக்கு வீங்கி, காதுகள் பின்னால் ஒடுங்கியிருக்கும். வெளிச்சம் அதிகமுள்ள இடத்தில் எடுத்தால் நிழலுக்குள் கண்ணுக்குத் தெரிந்த விவரங்கள் எல்லாம் கறுப்பாகிவிடும்.

அதற்குப் பிறகு பயன்படுத்துவதானால் நீங்களே எடுத்த போட்டோவைப் பயன்படுத்துங்கள். முகம் என்றால் இரண்டு மீட்டராவது தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். எடுத்த கையோடு அதே இடத்தில் நின்று ஐந்து நிமிட ஸ்கெட்ச் ஒன்றும் போடுங்கள். நிழலுக்குள் என்ன தெரிந்தது, எது எதைவிடக் கருமை, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அதன் ஓரத்தில் குறித்துவையுங்கள். வீட்டில் உட்கார்ந்து வரையும்போது போட்டோவும் ஸ்கெட்சும் முரண்பட்டால், ஸ்கெட்ச் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.